காசர்கோடு தாய்மார்கள் வசூலித்த கடன்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரவு செலவு வாசிச்சு முடிச்சாச்சு. சாப்பாட்டு நேரமும் நெருங்குது, அதனால சுருக்கமா பேசுங்கன்னு தலைவியம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்கள்ல எத்தனை பேர் காட்டுல மருந்து அடிக்கும்போது தண்ணி சுமந்திருக்கீங்க? மருந்து கலக்கிக் கொடுத்திருக்கீங்க? அடிச்ச மறுநாளே களை எடுக்கப் போயிருக்கீங்க? கொஞ்சம் கை தூக்குங்க.

பாருங்க, முக்கால்வாசிக் கை மேல இருக்கு. சரி, கையை இறக்கிக்குங்க. நான் சொல்லப்போற கதை உங்களுக்குத்தான்.

கேரளாவோட வடகோடியில, மங்களூருக்குத் தெற்கே இருக்கிற மாவட்டம் காசர்கோடு. மலையும் மேடுமான ஊர். அந்த மலைகளில் முந்திரித் தோட்டங்கள் இருக்கின்றன. நாலாயிரத்து ஐநூறு ஹெக்டேருக்கும் மேலே. அந்தத் தோட்டங்கள் தனியார் முதலாளியுடையது அல்ல. பிளாண்டேஷன் கார்ப்பரேஷன் ஆஃப் கேரளா என்கிற, கேரள அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தினுடையது. இதை மட்டும் ஞாபகத்தில் வச்சுக்குங்க. அரசாங்கத்தோட தோட்டம்.

முந்திரி பூக்கும் காலத்தில் தேயிலைக் கொசு என்று ஒரு பூச்சி வரும். சாற்றை உறிஞ்சிப் பூவையும் பிஞ்சையும் கருக்கிவிடும். அதைக் கொல்வதற்கு எண்டோசல்ஃபான் என்கிற மருந்தை அடித்தார்கள். கையால் அடிக்கவில்லை, ஹெலிகாப்டரில் பறந்து அடித்தார்கள். 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி 2000-ஆம் ஆண்டு வரை, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை. இருபது வருஷத்துக்கு மேல்.

தோட்டம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று தனித்தனியாக இருந்தால் பரவாயில்லை. அங்கே தோட்டத்தின் நடுவிலும் ஓரத்திலும்தான் வீடுகள், பள்ளிக்கூடங்கள், ஓடைகள். குடிதண்ணீருக்கு அந்த ஊரில் 'சுரங்கம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மலையில் பக்கவாட்டாகக் குகை போல வெட்டுவார்கள். மலைக்குள் ஊறும் தண்ணீர் அதன் வழியாக ஒழுகி வெளியே வரும். அதைத்தான் பிடித்துக் குடிப்பார்கள். மலைக்கு மேலே மருந்து தெளித்தால் கீழே என்ன வரும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க.

சட்டம் ஒன்றும் இல்லாத காலமும் கிடையாது. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் அப்போதே இருந்தன. வானத்திலிருந்து மருந்து தெளிப்பதாக இருந்தால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் மக்களுக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும், அங்கே மனிதரும் மாடும் போகாமல் தடுக்க வேண்டும், அனுமதித்த உயரத்துக்கு மேலே பறந்து தெளிக்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. மேடும் பள்ளமுமான மலையில், வீடுகளுக்கு நடுவே இது எப்படி முடியும்? முடியாது என்று தெரிந்தும் தெளித்தார்கள். விதி போட்டதும் அரசு, தெளித்ததும் அரசு நிறுவனம், கண்காணிக்க வேண்டியதும் அரசு.

முதலில் தெரிந்தது மாடுகளில்தான். 1979 வாக்கிலேயே கால் கோணலாகக் கன்றுகள் பிறந்தன. அதைப் பத்திரிகையாளர் ஸ்ரீ பத்ரே பிறகு எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு குழந்தைகள். எண்மகஜே பஞ்சாயத்தில் பத்ரே என்று ஒரு கிராமம். அங்கே வைத்தியம் பார்த்த டாக்டர் மோகன்குமார், ஒரே பகுதியில் இத்தனை குழந்தைகள் மூளை வளர்ச்சி குன்றியும், வலிப்போடும், கைகால் சரியில்லாமலும் இருக்கிறார்களே, இத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறதே என்று கவனித்து எழுத ஆரம்பித்தார். அதுவரைக்கும் அந்தத் தாய்மார்கள் என்ன நினைத்திருந்தார்கள் தெரியுமா? 'நம்ம தலையெழுத்து, தெய்வக் குத்தம்' என்று. ஊரும் அப்படித்தான் பேசியது. புள்ளை இப்படிப் பிறந்தா யாரைச் சொல்லுவாங்க? பெத்தவளைத்தானே சொல்லுவாங்க!

லீலாகுமாரி அம்மா என்கிற பெண்மணியைப் பற்றிச் சொல்லணும். வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர். காசர்கோடு மாவட்டம் பெரியாவில் வீடு கட்டிக் குடிவந்தவர். அரசு ஊழியராக இருந்துகொண்டே, 1998-இல் இந்தத் தெளிப்பை நிறுத்தச் சொல்லி முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். தடையும் வாங்கினார். 2000-ஆம் ஆண்டோடு ஹெலிகாப்டர் நின்றது. ஒரு பெண் காகிதத்தில் எழுதிக் கொடுத்த மனு அது. நினைச்சுப் பாருங்க.

ஆய்வு என்ன சொன்னது?

தேசிய மனித உரிமை ஆணையம் விஷயத்தைக் கையில் எடுத்த பிறகு, அகமதாபாத்தில் இருக்கும் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பத்ரே கிராமத்துக்கு வந்து ஆய்வு செய்தது. மருந்து அடித்த ஊர்க் குழந்தைகளையும், அடிக்காத ஊர்க் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெளிப்பு நின்று பல மாதம் கழித்தும் அடித்த ஊர்க் குழந்தைகளின் ரத்தத்தில் மருந்து அதிகமாக இருந்தது. ஆண் பிள்ளைகள் பருவத்துக்கு வருவதும் தாமதப்பட்டிருந்தது. இது 2003-இல் வெளிநாட்டு அறிவியல் இதழிலும் வந்தது.

இந்த மருந்து தின்ற பூச்சியோடு முடிந்துவிடுவது இல்லை. உடம்பில் சுரக்கும் ஹார்மோனில் கை வைக்கும். வயிற்றில் இருக்கும் குழந்தையையும் தொடும். அதனால்தான் மருந்தைக் கையால் தொடாத, ஹெலிகாப்டரைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். தாய்ப்பாலிலும் மருந்து இருந்ததாகச் சோதனை வந்தது. உடனே யாரும் பயந்துபோய்ப் பால் கொடுப்பதை நிறுத்திடாதீங்க. தாய்ப்பாலை விட நல்ல உணவு குழந்தைக்குக் கிடையாது. தப்பு தாய் மேலே இல்லை. விஷத்தை அவள் உடம்பு வரைக்கும் வரவிட்டவங்க மேலே.

இன்னொண்ணையும் நேர்மையாகச் சொல்லணும். எல்லாக் குழுவும் ஒரே மாதிரி சொல்லவில்லை. மருந்துக்கும் நோய்க்கும் தொடர்பு நிரூபணம் ஆகவில்லை என்று சொன்ன குழுக்களும் உண்டு. ஒரு குறிப்பிட்ட குழந்தையின் நோய்க்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்டிக் காட்டுவது டாக்டர்களுக்கும் கஷ்டம்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். தெளிப்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் உடல்நிலையைக் கணக்கெடுத்து வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது இல்லையா? கணக்கு எழுத வேண்டியவன் எழுதாமல் விட்டுவிட்டு, 'கணக்கு எங்கே?' என்று கடன் கொடுத்தவளைக் கேட்கலாமா? நம்ம சங்கத்துல ஒத்துக்குவோமா?

தடை வந்த வழி

2005-இல் கேரளாவில் மட்டும் எண்டோசல்ஃபானுக்குத் தடை வந்தது. மற்ற மாநிலங்களில் தொடர்ந்து விற்றது. நம்ம தமிழ்நாட்டு உரக்கடையிலும்தான். பருத்திக்கு அடித்தவங்க இங்கேயும் இருப்பீங்க. 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடி, ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் ஒழிக்க வேண்டிய ரசாயனங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தன. அதே மாதம் அப்போதைய கேரள முதலமைச்சர் அச்சுதானந்தன் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். வாலிபர் சங்கம் போட்ட வழக்கில் 2011 மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இதன் உற்பத்தி, விற்பனை, உபயோகம் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. கால் கோணிய கன்றுகள் பிறந்ததிலிருந்து சுமார் 32 வருஷம். ஒரு தலைமுறை வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றுவிடுகிற காலம்.

இனிமேல்தான் நம்ம கணக்கு

தடை வந்தது, நல்லது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன? 2010 டிசம்பரிலேயே மனித உரிமை ஆணையம், இறந்தவர்கள் குடும்பத்துக்கும் முழுக்க முடங்கிப் போனவர்களுக்கும் குறைந்தது 5 லட்சம், மற்ற பாதிப்புள்ளவர்களுக்கு 3 லட்சம் கொடுக்கச் சொன்னது. பணம் ஒழுங்காக வரவில்லை. வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி நீதிமன்றம் உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கேரள அரசு கொடுக்க வேண்டும், ஆயுள் முழுக்க மருத்துவ வசதியும் செய்ய வேண்டும், அந்தப் பணத்தை மத்திய அரசிடமிருந்தோ மருந்துக் கம்பெனிகளிடமிருந்தோ வசூலிக்க வேண்டுமானால் மாநில அரசு தனியாக வழக்கு நடத்திக்கொள்ளலாம் என்று.

கவனிச்சீங்களா? 'முதலில் தாய் கையில் பணத்தைக் கொடு. யார் பங்கு எவ்வளவு என்பதை நீங்க பிறகு பேசிக்குங்க' என்பதுதான் அதன் அர்த்தம்.

மூன்று மாதம் தவணை. நடந்தது என்ன? 2019 ஜனவரிக் கடைசியில் அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மாநிலத்தின் அந்தக் கோடிக்கு, திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டி வந்தது. கழுத்து நிற்காத பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ராத்திரி பகலாக ரோட்டோரத்தில் உட்காருவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலில் விட்டுப்போன பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வைத்தியத்துக்கு வாங்கிய கடன், நம்ம வீடுகளில் இருக்குமே அதே மாதிரிக் கடன்.

பிறகு சிலர் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். 2022 மே 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது வெளிவந்தது என்ன தெரியுமா? பட்டியலில் இருந்தவர்கள் 3,700-க்கும் மேலே. ஐந்து வருஷத்தில் பணம் கொடுத்தது 8 பேருக்கு. அந்த எட்டு பேர் யாரு? கோர்ட்டுக்கு வந்தவங்க! மிச்சப் பேரில் நூறு பேருக்கு மேலே படுத்த படுக்கை, நூறு பேருக்கு மேலே புற்றுநோய்க்காரர்கள். நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்து, தலைமைச் செயலாளர் மாதாமாதம் கூட்டம் போட்டு இதைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத்தொகையாக 50,000 ரூபாயும் கொடுக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் பெரும்பாலானவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

சகோதரிகளே, மூணு மாசத்துல கட்டணும்னு தீர்மானம் போட்ட கடனை அஞ்சு வருஷமா ஒரு உறுப்பினர் கட்டலைன்னா நாம் என்ன செய்வோம்? வீட்டு வாசலில் போய் நிற்போம். அடுத்த கூட்டத்தில் பேர் வாசிப்போம். புதுக் கடன் கிடையாது என்போம். ஆனால் அரசாங்கம் கட்டாவிட்டால் மட்டும், 'பாவம், நிதி இல்லையாம்' என்று திரும்பி வந்துவிடுகிறோம். ஏன்? அதை நாம் உதவி என்று நினைக்கிறோம். உதவி என்றால் கொடுக்கிறவன் இஷ்டம். கொடுக்கும்போது கும்பிட்டு வாங்கிக்கணும். காசர்கோடு தாய்மார்கள் கேட்டது உதவி கிடையாது. அரசாங்கத் தோட்டத்தின் லாபத்துக்காகத் தங்கள் பிள்ளைகளின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டதை, எடுத்தவர்களிடம் திருப்பிக் கேட்டார்கள். அது கடன். அசலைத் திருப்பித் தரவே முடியாத கடன். கொடுப்பதெல்லாம் வட்டிதான்.

அந்த வட்டியையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சத்தை நூற்றுக்கு 7 வட்டிக்கு பேங்கில் போட்டால் வருஷத்துக்கு 35,000. மாதத்துக்கு மூவாயிரம்கூட வராது. மாதாந்திர உதவித்தொகையும் வகைக்கு ஏற்ப 1,200 முதல் 2,200 ரூபாய் என்கிற அளவில்தான் இருந்தது. வலிப்பு மாத்திரை, ஆஸ்பத்திரிக்கு ஜீப் வாடகை, கூலிக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் தாயின் சம்பள இழப்பு, எல்லாம் இதற்குள்ளே. இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு அம்பது வயசுத் தாய் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, மாற்றித் துணி போட வேண்டியிருக்கிறது. 'எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பாங்க?' என்பதுதான் அங்கே இருக்கும் ஒவ்வொரு தாயின் கேள்வி. ஒரே தடவை பணம் கொடுத்துக் கணக்கை மூடுவது அதற்குப் பதில் ஆகாது.

கணக்கை மூடவும் பார்த்தார்கள். 2011 அக்டோபர் 25-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைப் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் சேர்க்க முடியாது என்று ஒரு தேதிக் கோடு போடப்பட்டது. 2017-இல் நடந்த மருத்துவ முகாமில் முதலில் சேர்த்துப் பிறகு விடப்பட்ட 1,031 பேருக்காகவும் தாய்மார்கள் பல காலம் போராடினார்கள். விஷம் தேதி பார்த்தா உடம்புக்குள்ள போகும், தேதி பார்த்தா வெளியே வரும்? பேரப்பிள்ளைக்கு வரும் பாதிப்புக்குப் பாட்டி காலத்துத் தப்புதான் காரணம் என்றால், கடனும் பேரப்பிள்ளை வரைக்கும் இருக்கத்தானே வேணும்?

அங்கேயும் நம்மைப் போல மகளிர் குழுக்கள் உண்டு, குடும்பஸ்ரீ என்று. பஞ்சாயத்தும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து 'பட்ஸ்' என்கிற பகல் நேரப் பள்ளிகளை நடத்துகிறார்கள். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் காலையில் அங்கே விட்டால், தாய் நாலு மணி நேரமாவது வேலைக்குப் போக முடியும். பணத்தோடு சேர்த்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு இடமும் ஆளும் வேண்டும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

நாம் என்ன செய்யலாம்?

காசர்கோடு மாதிரி நம்ம ஊரிலும் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இப்போ கை தூக்கினீங்களே, அதனால் சொல்கிறேன்.

ஒன்று: கர்ப்பமாக இருப்பவரும் பால் கொடுப்பவரும் மருந்து கலக்க, அடிக்க, அடித்த காட்டில் உடனே களை எடுக்கப் போக வேண்டாம். கூலி போகுமே என்றால், அந்தச் சில மாதத்துக்குக் குழுவில் உள்கடன் கொடுக்க முன்வருவோம்.

இரண்டு: உரக்கடையில் பில் இல்லாமல் மருந்து வாங்காதீங்க. மருந்தின் பேர், தேதி, எந்தக் காட்டுக்கு அடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க. காலி டப்பாவில் தண்ணீர், எண்ணெய் எதுவும் ஊற்றி வைக்கக்கூடாது.

மூன்று: ஒரே தெருவில் கருக்கலைவு, குறைபாடுள்ள குழந்தை, புற்றுநோய் என்று அடுத்தடுத்து வந்தால் விதி என்று விட்டுவிடாமல் பேர், வயது, தேதியோடு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனுவாகக் கொடுங்க. கொடுத்ததற்கு ரசீது வாங்குங்க. கிராம சபையில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்க.

நான்கு: பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்க. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். வழக்குப் போட வேண்டி வந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது.

இதில் எதுவும் நமக்குப் புதுசு இல்லை. பேர் எழுதுவது, தேதி போடுவது, கையெழுத்து வாங்குவது, தவணை தவறினால் விடாமல் கேட்பது, இதைத்தானே வாரா வாரம் செய்கிறோம். தீர்மான நோட்டு, பேரேடு எழுதத் தெரிந்தவளால் அரசாங்கத்திடமும் கணக்குக் கேட்க முடியும். காசர்கோட்டில் அந்தத் தாய்மார்களில் பலர் மேடை ஏறிப் பேசத் தெரியாதவர்கள்தான். பிள்ளை பேர், பிறந்த தேதி, மருத்துவச் சீட்டு, இந்த மூன்றையும் பத்திரமாக ஒரு பையில் வைத்திருந்தார்கள். கூட்டமாகப் போனார்கள், திரும்பத் திரும்பப் போனார்கள்.

நேரமாச்சு, முடிச்சுக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டு புதுசாகப் போடணும்னு கேட்டுக்கிறேன். மேலே 'மருந்து நோட்டு' என்று எழுதுங்க. முதல் பக்கத்தில், நம்ம குழுவில் யார் யார் எந்தக் காட்டில், என்ன மருந்துக்குப் பக்கத்தில் வேலை செய்கிறோம் என்று எழுதுங்க. அந்த நோட்டு என்றைக்கும் தேவைப்படாமல் போனால் சந்தோஷம். தேவைப்பட்டால், நம்ம பேரப்பிள்ளைகள் கையில் ஒரு கணக்காவது இருக்கும்.